முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை எங்கே இருக்க வேண்டும்: வீடா, விடுதியா, சென்னையா?

காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, விளையாட்டு அறை வாசலில் ஓர் அப்பா வந்து நின்றார். கையில் ஸ்கேன் சென்டர் கவர். லோடு லாரி ஓட்டுகிறவர், ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். அவர் மகள் எங்கள் பள்ளிக் கபடி அணியின் ரைடர். விளையாட்டு விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு போட்டியில் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது வலது கால் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள்ளே இருக்கிற ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுதாகக் கிழிந்திருந்தது. ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கேள்வி இல்லை.

“அதுக்கப்புறம் புள்ளைய எங்க வெச்சுப் பாக்குறது டீச்சர்? ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரவா, ஹாஸ்டல்லயே இருக்கட்டுமா? இல்ல, மெட்ராஸ்ல மச்சான் வீட்டுல விட்டு அங்கயே பிசியோ பாக்கலாமா?”

ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு 2009-ல் என் வீட்டில் யோசிக்காமல் ஒரு முடிவு எடுத்தார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு, இடது முட்டி, இதே ஜவ்வு. நான் லெஃப்ட் கார்னர், இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். அதற்குப் பிறகு ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. அதனால் அவரிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததையும் விசாரித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். முட்டி ஆபரேஷன் முடிந்த பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் காலக்கணக்கு தெரிய வேண்டும். கிழிந்த ஜவ்வை டாக்டர்கள் பொதுவாகத் தைப்பதில்லை. பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் புதிதாகப் பொருத்துகிறார்கள். பொருத்திய நார் உடனே உரம் பிடிக்காது. முதலில் வலுவிழந்து, ரத்த ஓட்டம் வந்து, பிறகுதான் மெல்ல ஜவ்வாக மாறும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நார் ரொம்பவும் பலவீனமாக இருக்கும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் வலியும் வீக்கமும் குறைந்து பிள்ளை சாதாரணமாக நடக்க ஆரம்பிப்பாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும்.

விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆக வேண்டும் என்று இப்போது சொல்வது வெறும் ஜாக்கிரதைக்காக அல்ல. நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை அதில் கண்டார்கள். இன்னொரு கணக்கு இதைவிட என்னை உலுக்கியது. 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். போட்டி அளவில் திரும்பியவர்கள் 55 பேர்தான். திரும்பாத எல்லோருக்கும் முட்டி கெட்டுப்போகவில்லை. மறுபடி கிழிந்துவிடுமோ என்ற பயம் அதில் பெரிய காரணம். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முட்டியை யார் பார்ப்பார்கள் என்பதோடு, பயத்தை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இனி வீடு.

ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கே என் அம்மா ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை மடித்து என் முட்டிக்குக் கீழே வைத்தார். அவ்வளவு சுகமாக இருந்தது. முட்டி லேசாக மடங்கியிருந்தால் வலி குறையும். மூன்று வாரம் அப்படியே படுத்திருந்தேன். வைக்கவே கூடாத இடம் அது. தலையணையோ சுருட்டிய துண்டோ குதிகாலுக்குக் கீழே போக வேண்டும்; முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே நேராக வேண்டும். முதல் சில வாரங்களில் கால் முழுதாக நீளாவிட்டால் பிறகு அதை மீட்பது பெரும்பாடு. இன்றைக்கும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் என் இடது முட்டிக்கும் பாய்க்கும் நடுவே கை நுழையும். வலது முட்டிக்குக் கீழே நுழையாது. அம்மா மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது.

வீட்டின் பலமும் பலவீனமும் அந்தத் தலையணையிலேயே இருக்கிறது. அம்மா அளவுக்கு வேறு யாரும் செய்ய மாட்டார்கள். குளிக்க வைப்பது, தையல் நனையாமல் காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவர் கட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஐஸ் பை மாற்றுவது, முட்டை, மீன், பயறு என்று பார்த்துப் பார்த்துச் சாப்பாடு கொடுப்பது, இதையெல்லாம் எந்த விடுதியிலும் எதிர்பார்க்க முடியாது. முதல் ஒன்றரை மாதத்துக்கு வீட்டை விட்டால் வேறு இடமே இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டும். கழிப்பறை தரையோடு இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். பாயில் படுக்க வைக்காமல் கட்டில் போடுங்கள். பிசியோ சொல்லித்தரும்போது பிள்ளையோடு அம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், வருகிற சொந்தக்காரர்கள். ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்வார், இன்னொருவர் கட்டுப் போடுகிற வைத்தியரின் பெயரைச் சொல்வார். ஆபரேஷன் ஆன காலை யாரும் அழுத்தி நீவக் கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அங்கே புதிதாக வீக்கமோ வலியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வந்து, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கபடி, இத்தோட விட்டுரு” என்பார். என் வீட்டில் அந்த வார்த்தையை ஒரு மாதத்தில் பதினைந்து பேராவது சொல்லியிருப்பார்கள். மறுத்துப் பேச ஒருவர்கூட இல்லை. படுத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, கடைசியில் நானே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்பா ஒரே ஒரு தடவை “அவ ஆடுவா, நீங்க காபியக் குடிங்க” என்று சொல்லியிருந்தால் போதும், எனக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

விடுதியைப் பற்றிப் பேசினால் எனக்கு இரண்டு மனசு. அணியோடு இருக்கிற பிள்ளை தன்னை விளையாட்டுக்காரி என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் இருக்கிறவள் மூன்றே வாரத்தில் தன்னை நோயாளி என்று நினைக்கத் தொடங்கிவிடுவாள். காலை ஐந்தரைக்கு விசில் சத்தம் கேட்டு எழுவது, மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதுவது, ராத்திரி எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிடுவது எல்லாமே மருந்துதான். அதே ஆபரேஷன் ஆகித் தேறிவந்த சீனியர் ஒருத்தி அங்கே இருந்துவிட்டால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து “நாலாவது மாசம் எனக்கும் இப்படித்தான் கடக்கு கடக்குன்னு சத்தம் வந்துச்சு, பயப்படாத” என்று சொல்வதற்கு ஈடாக எந்த டாக்டரின் வார்த்தையும் ஆகாது.

ஆனால் விடுதி ஆடுகிறவர்களுக்காக நடப்பது. நான் இருந்த விடுதியில் இரண்டாம் மாதமே, அடுத்த அணிக்கு ஆள் எடுக்க வேண்டும், அறையைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு ஊன்றுகோல், மூன்றாவது மாடி. தோழிகள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். எல்லா விடுதியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். இந்தப் பெண்ணின் விடுதி வார்டன், இடம் போகாது என்று எழுதியே கொடுத்தார். இருந்தாலும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் அது. அடுத்த சிக்கல், ஆசை. நாலாவது மாதம், வலி இல்லை, எதிரே தோழிகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், மாநிலப் போட்டிக்கு ஆள் குறைகிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் சான்றிதழ் வேண்டும். “சும்மா ஒரே ஒரு ரைடு” என்று இறங்கி மறுபடி கிழித்துக்கொண்ட பிள்ளைகள் இரண்டு பேரை இந்தப் பதினோரு வருட வேலையில் பார்த்துவிட்டேன். 25 வயதுக்குக் குறைந்து, விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த முட்டியோ அந்த முட்டியோ மறுபடி கிழிகிறது என்பது 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வின் கணக்கு. கோச் நல்லவராக இருந்தாலும் அவர் மனசில் அடுத்த போட்டித் தேதி ஓடிக்கொண்டே இருக்கும். நானும் அந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன்.

சென்னை. அங்கே கிடைப்பது அளவு. போரூரில் ஸ்ரீராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம் மாதிரி இடங்களில் தொடைத் தசையின் பலத்தை மெஷினில் வைத்து, இரண்டு காலையும் ஒப்பிட்டு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீத பலத்தையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது களத்துக்குத் திரும்ப ஒரு முக்கியமான விதி. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் பிள்ளைகள் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைச் சொல்வார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனவர், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினார். 2023 ஆகஸ்டில் மறுபடி முட்டி ஆபரேஷன். 2024 பிப்ரவரியிலேயே தேசியப் போட்டியில் தங்கம், அதே ஆகஸ்டில் பாரிஸில் இறுதிச்சுற்று வரை. “ஆறு மாசத்துல வந்துட்டாங்களே மிஸ்” என்று இந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள். வந்தார்தான். ஆனால் அவரோடு கூடவே பிசியோ, கோச், செலவை ஏற்க ஓர் அமைப்பு என்று ஒரு கூட்டம் இருந்தது. நம்மூர் கிரிக்கெட் வீரர் நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. 2021 ஏப்ரலில் முட்டி ஆபரேஷன். தேறியது பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில். 2022 ஐபிஎல்லில் 11 ஆட்டத்தில் 18 விக்கெட் எடுத்தார். கிரிக்கெட் வாரியம் தன் வீரர்களுக்குத் தங்க இடம், பிசியோ, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொடுக்கிறது. மாவட்ட அளவில் ஆடும் கபடிப் பெண்ணுக்கு அந்தக் கூரையை அவள் அப்பாதான் கட்ட வேண்டியிருக்கிறது.

நான் விசாரித்தவரை சென்னையில் ஒரு தடவை பிசியோவுக்கு ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. எங்கள் பக்கம் 300, 400. காப்பீட்டு அட்டை ஆபரேஷனோடு முடிந்தது. மச்சான் வீடு இருப்பது ஆவடியில். அங்கிருந்து போரூருக்கு வாரம் மூன்று நாள், பஸ் மாறி, ஊன்றுகோலோடு. மாமாவும் அத்தையும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க அவள் டிவியோடு தனியாக இருப்பாள். பிளஸ் டூ வேறு. எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும் அவள் அதன் முன்னால் இருக்கப்போவது வாரத்துக்கு மூன்று மணி நேரம். மீதி நேரத்தையும் யோசிக்க வேண்டும். அம்மாவும் கூடவே போய்த் தங்க முடிகிற குடும்பமாக இருந்தால் என் பதில் வேறு. அப்போது தயங்காமல் சென்னை என்பேன்.

வீடியோ காலில் பிசியோ பார்ப்பதைப் பற்றியும் அந்த அப்பா கேட்டார். நடுநடுவே சந்தேகம் கேட்க நல்லதுதான். அதையே முழுசாக நம்பக் கூடாது. முட்டி நீள்வதையும் வீக்கத்தையும் கை வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாம் நாள் ராத்திரி நோட்டில் இதையெல்லாம் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் எல்லோரும் முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம். முதல் மாதம் ஆளுக்குக் குறைவில்லை. ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கடைசி மாதத்திலும் கோச், அணி எல்லாம் இருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை யாரும் இருப்பதில்லை. ஊன்றுகோல் போய்விட்டது, அதனால் இரக்கமும் போய்விட்டது. மைதானமும் இன்னும் வரவில்லை. தினமும் அதே சுவரில் சாய்ந்து அதே ஸ்குவாட், அதே ஒற்றைக்கால் நிற்பு. எனக்கு விட்டுப்போனது அந்த மூன்று மாதத்தில்தான். ஒரு நாள் விட்டேன், யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் விட்டேன், அப்போதும் யாரும் கேட்கவில்லை. அதனால் எந்த இடம் என்று முடிவு செய்யும் முன், நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் “இன்னைக்குப் பண்ணியா?” என்று கேட்கப்போகிற ஆள் யார் என்று பெயர் சொல்ல முடிய வேண்டும்.

இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவங்க அப்பாயி கேக்கும் டீச்சர். அது கேட்டா விடாது” என்றார், தன் அம்மாவைச் சொல்லி.

அப்படித்தான் முடிவு வந்தது. முதல் ஆறு வாரம் ஊரில், வீட்டில். அதற்கு முன் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் அப்பாயிக்கும் தலையணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன். என் காலை நீட்டிக் காண்பித்ததும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஏழாவது வாரத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வாரம் இரண்டு நாள் திருச்சியில் பிசியோ, ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மற்ற நாள் பள்ளி. சாயங்காலம் அணி பயிற்சி செய்யும்போது மைதான ஓரத்தில் அவளுடைய பயிற்சி, என் கண் முன்னால். ஸ்கோர் புத்தகம் அவள் பொறுப்பு. கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அணியிடமும் சொல்லியாகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் கூப்பிட்டவள் பத்து ரவுண்டு ஓட வேண்டும். விடுதிக்குத் திரும்புவது ஆறாம் மாதத்துக்குப் பிறகு. சென்னைக்கு இரண்டே தடவை: ஆறாம் மாதம் ஒன்று, ஒன்பதாம் மாதம் ஒன்று, தசை பலத்தை மெஷினில் அளக்க. ஒற்றைக்காலில் தாண்டும் சோதனைகளை இங்கேயே டேப் வைத்து அளந்துவிடலாம். மனசு தயாரா என்று பார்க்க 12 கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது. பிசியோ அதையும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஒன்பதாம் மாதம் எண்கள் வரவில்லை என்றால் பத்தாம் மாதம், பதினொன்றாம் மாதம். தேதியை வைத்து யாரும் அவளை இறக்கக் கூடாது என்று அவள் அப்பா முன்னாலேயே கோச்சிடம் பேசினோம்.

இதில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகாத ஒன்று உண்டு. பொதுத்தேர்வு ஐந்தாம் மாதத்தில் வருகிறது. அந்த மூன்று வாரம் பயிற்சி குறையும். பிசியோ அதற்கென்று இருபது நிமிட அட்டவணை ஒன்று எழுதித் தந்திருக்கிறார். போதுமா என்று அப்போதுதான் தெரியும்.

இப்போது பதினான்காவது வாரம் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் அப்பாயிதான் கூடப் போகிறார். எழுபது வயசு. பிசியோ அறையில் நாற்காலியில் உட்காராமல் பக்கத்திலேயே நிற்கிறாராம். சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் டேப் வைத்துத் தொடையை அளந்து எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுக் கொடுத்தேன். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் நோட்டைப் பிரித்துக் காட்டினார்: இடது 46, வலது 43. ஐந்து வாரத்துக்கு முன்னால் வலது 41 இருந்தது.

“இன்னும் மூணு இருக்கு” என்று சொல்லிவிட்டு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.